காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு வரும், பஸ்ஸுக்கு வராது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி போஸ்டரில் இருப்பது இவ்வளவுதான்: குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2018இல் மத்திய அரசின் பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தையும் (ஆயுஷ்மான் பாரத்) இதோடு சேர்த்துவிட்டார்கள். சரி, போஸ்டரில் இல்லாததைப் பார்ப்போம்.

வருமானச் சான்றில்தான் முதலில் ஆள் விழுகிறார்கள். விஏஓ கேட்கும்போது "மாசம் பன்னிரண்டாயிரம் வரும் சார்" என்று சொல்லிவிட்டால் வருடக் கணக்கு 1,44,000, கதை முடிந்தது. கூலி வேலைக்காரருக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கிறதா என்ன? மழைக்காலத்தில் சும்மா இருந்ததையும் கழித்து, வருடத்துக்கு உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்தது ரேஷன் கார்டு. அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. ஒரு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் எட்டு மாதக் குழந்தை, இதயத்தில் ஓட்டை. கையில் ஸ்கேன் ரிப்போர்ட் உட்பட எல்லாத் தாளும் இருந்தது, கார்டில் குழந்தையின் பெயர் மட்டும் இல்லை. "பேரைச் சேத்துட்டு வாங்கம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். ரேஷன் கார்டு ஆபீஸுக்குப் போனால் பிறப்புச் சான்று கேட்பார்கள், அதில் குழந்தைக்குப் பெயர் எழுதியிருக்காது, அதற்கு இன்னொரு ஆபீஸ். குழந்தை பிறந்ததும் இதை முடித்துவிடுங்கள், நோய் வந்த பிறகு ஓட முடியாது. கல்யாணமாகி வந்த மருமகளுக்கும் இதே கதைதான்.

அப்புறம் ஆஸ்பத்திரி. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் எல்லா நோய்க்கும் அட்டை செல்லும் என்று அர்த்தமில்லை. சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும், அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் பிரிவுக்கான அனுமதியும் இருக்க வேண்டும். அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு டெஸ்க்கில் கேளுங்கள். "அப்ரூவல் வர்ற வரைக்கும் டெபாசிட் கட்டுங்க" என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், அங்கேயே நின்று 1800 425 3993க்குப் போன் போடுங்கள். போனை எடுத்ததுமே டெஸ்க்கின் குரல் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஓபி சீட்டில் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை அட்டையைக் காட்டி வாங்க முடியாது, அதற்கு அரசு ஆஸ்பத்திரிதான்.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். அதற்குக் காசில்லை. ஆனால் கூடப் போகும் மனைவிக்கு டவுன் பஸ்ஸில் இலவசம், நோயாளிக்கு டிக்கெட். அந்த இரண்டு நாளும் இருவருக்குமே கூலி போச்சு. மூன்றாம் மாதம் வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொண்டார். 5 லட்சம் அட்டையில் அப்படியே இருக்கிறது, மனிதர்தான் வரவில்லை. 2008இல் மத்திய அரசு ஏழைகளுக்காகக் கொண்டுவந்த பழைய காப்பீட்டுத் திட்டமான ஆர்எஸ்பிஒய் வெறும் 30,000 ரூபாய் காப்பீடுதான், ஆனாலும் அட்மிட் ஆனால் போக்குவரத்துக்கு 100 ரூபாய், வருடத்துக்கு 1,000 வரை என்று ஒன்று வைத்திருந்தார்கள். பிரதமர் திட்டம் வந்தபோது தொகை பல மடங்கானது, பஸ் காசு காணாமல் போனது. அதைத் திருப்பிக் கொண்டுவரப் புதிதாகக் கமிட்டி எதுவும் போட வேண்டியதில்லை.

காசநோய்க்கு மட்டும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சத்துணவுக்கென்று 2018இலிருந்து மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய், சிகிச்சை முடியும்வரை வங்கிக் கணக்குக்கு வரும். இதற்குக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் உண்டு, ஆனால் அவர் உங்களை நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும், பல பேருக்கு அதுதான் நடப்பதில்லை. நிக்ஷய் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சண்டை போடுவதற்கு முன் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள், எப்போதோ நூறு நாள் வேலைக்காகத் தொடங்கி மறந்துபோன பாஸ்புக்கில் கிடக்கலாம்.