அம்பர்க் குளவியின் உறவுகள் நம் வயலில்

காலபோக நெல் குடலைப் பருவத்தை, அதாவது கதிர் மடலுக்குள் திரளும் கட்டத்தை, நெருங்கினால், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “தத்திக்கு எந்த மருந்து அடிக்கலாம், சேர்?” என்றுதான். தத்தி என்பது நெல்லின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. மருந்துப் பெயருக்கு முன் நான் ஒரு படத்தைக் காட்டுவேன். மியன்மாரின் கச்சின் மாநிலத்தில் கிடைத்த அம்பர் துண்டு; அதற்குள் ஒரு சின்னக் குளவி.

பழங்கால மரங்களில் வடிந்து, மண்ணுக்குள் இறுகிய பிசின்தான் அம்பர். வேம்பின் பிசினில் எறும்பு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி மாட்டிய பூச்சிகள் இவை. கச்சின் அம்பருக்கு வயது ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகள், டைனோசர்கள் உலாவிய காலம். இருந்தும் இறகு ஓரத்து மயிர்கூடத் தெரிகிறது. 2025இல் விவரிக்கப்பட்ட சைரனோபெத்திலஸ் கரிப்டிஸ் என்ற குளவிக்கு வயிற்று நுனியில் மூடித் திறக்கும் மடல்கள் இருந்தன. வேறொரு பூச்சியைப் பிடித்து வைத்து அதில் முட்டையிட அவை உதவியிருக்கும் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் கமக்காரர் அறியவேண்டியது மைமாரிடே குடும்பத்தை. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர்கூட வராத குளவிகள். கச்சின் அம்பரிலும் உண்டு, இன்றைய நெல் வயலிலும் உண்டு. கபில நிறத் தத்தி தன் முட்டைகளை நெல்லின் இலைமடலுக்குள் செருகி வைக்கும். மேலால் விசிறும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. இந்தக் குடும்பத்து அனாகிரஸ் குளவியோ மடலைத் துளைத்து, தத்தியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடுகிறது. தத்திக் குஞ்சு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளியே வரும்.

தத்தியைக் கண்டவுடன் மருந்து அடித்தால் இந்தக் குளவியும், தத்தியைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் சாகும். மடலுக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்போது அவற்றைத் தடுக்க வயலில் யாரும் இல்லை. “மருந்து அடிச்சும் தத்தி கூடிட்டுது” என்று வருகிறவர்களின் வயலில் பெரும்பாலும் நடந்தது இதுதான். மருந்து சரியில்லை என்று இன்னும் கடுமையானதைத் தேடுவது நிலைமையை மோசமாக்கும்.

குளவியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்குப் பப்பாசியைச் சொல்வேன். 2008இல் இலங்கைக்குள் வந்த பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை அடக்க, அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது ஒரு சின்னக் குளவியைத்தான்.

வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில், நெல்லின் முதல் 40 நாட்களுக்குப் பூச்சிமருந்தே வேண்டாம் என்று 1990களில் பிரசாரம் செய்தார்கள். இலை தின்னும் பூச்சிகளால் சில ஓட்டை விழுந்தாலும் அந்த வயதில் பயிர் தேறிவிடும். அப்புறமும் மருந்தைத் தொடுவதற்கு முன் பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடிப்பகுதியைப் பாருங்கள். தத்தியோடு சிலந்தியும் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று வயலின் பல இடங்களில் பார்த்துவிட்டு, கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். யூரியாவை எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அது கூடினாலும் தத்தி பெருகும்.