ஃபோக் ஃபெஸ்டிவல்: நாட்டார் விழாவா, கொடையா?

'ஃபோக்' என்பது மக்களைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். 1846இல் வில்லியம் தாம்ஸ் 'ஃபோக்லோர்' என்ற கூட்டுச்சொல்லை ஆக்கியபின் மரபு வழக்கங்களுக்கெல்லாம் அது முன்னொட்டானது. 'ஃபெஸ்டிவல்' இலத்தீன் வழி வந்தது, பொருள் விழா. இரண்டும் சேர்ந்ததைப் பலர் 'நாட்டுப்புற விழா' என்கிறார்கள். குமரி மாவட்டத்துக்கு அது ஒட்டவில்லை. டிசம்பர் 3ஆம் தேதியை ஒட்டி நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழா நாகர்கோவில் நகரத்துக்குள்ளேயே நடக்கிறது. பட்டிக்காட்டு வாடை இல்லாத 'நாட்டார் விழா' மேல்.

அதுவும் மேடை நிகழ்ச்சிக்குத்தான். இசக்கி, சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில்களில் நடப்பது கொடை. 'கொடு' என்பதில் பிறந்த சொல். சங்கப் பாடல்களில் அது வள்ளலின் ஈகை; இங்கே ஊர்கூடி வரி பிரித்துச் சாமிக்குக் கொடுப்பது. மண்டைக்காட்டுப் பகவதிக்கு நடக்கும் பத்து நாள் விழாவும் மாசிக் கொடைதான். நோட்டீசில் 'கொடை விழா' என்று அச்சடிப்பார்கள், பேச்சில் "உங்க ஊர்ல எப்ப கொடை?" என்பதோடு சரி.

பெயர் மாறும்போது வெளியூர்க்காரரின் புரிதலும் மாறுகிறது. கொடையில் சாமியின் கதையைப் பாடும் வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம் முடிந்தே கதை தொடங்கும். தலைமைப் பாடகரான புலவர் வீசுகோலால் வில்லின் நாணை அடிப்பார். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை துணை. வலத்தே இருப்பவர் புலவரோடு சேர்ந்து பாட, இடத்தே இருப்பவர் பதில் பாடுவார். சாமி பிறக்கும் இடமோ கொலைப்படும் இடமோ வரும்போது தாளம் விரையும். சாமியாடுபவரான கோமரத்தாடிக்கு அருள் ஏறும். புலவர் அவரைப் பார்த்துத்தான் பாட்டை நீட்டுவார், முடிப்பார். இரவெல்லாம் போகும்.

சுற்றுலா மேடையில் இதற்கு அரை மணி நேரம். வெட்டுப்படுவது கதை, மிஞ்சுவது வில்லின் சலங்கையொலியும் நாலு சிரிப்புத் துணுக்கும். பார்த்தவர் வில்லுப்பாட்டை வேடிக்கைப் பாட்டு என்று நினைத்துப் போகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் காட்டியது அவ்வளவுதான். அவரே பிறகு கொடைக்கு வந்தால் சாமியாட்டத்தையும் நிகழ்ச்சியாக எண்ணி, கோமரத்தாடியின் முன்னால் கைபேசியோடு நிற்பார். ஊரார் விலக்குவார்கள், அவருக்குக் காரணம் புரியாது.

அதனால் எழுதும்போது: மேடையில் நடப்பது 'நாட்டார் கலைவிழா'. அம்மன், மாடன் கோயிலில் நடப்பது 'கொடை'. கோட்டாற்றில் நடப்பது 'திருவிழா'. அழைப்பிதழில் கொடை நாள், வில்லு தொடங்கும் நேரம், சாமியாட்டத்தின்போது எங்கே நிற்கலாம் என்ற மூன்றையும் போட்டால் வருபவருக்குப் பாதி விளங்கிவிடும்.