டூட்டூ போட்ட பிள்ளையை மெழுகுவத்திப் பக்கம் விடாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டனில் உள்ள என் தையலறைக்கு ஒரு அம்மா பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஆறு வயதுப் பிள்ளையின் ரோஸ் நிற டூட்டூ, அதாவது பாலே நடனத்துக்குப் போடும் அடுக்கடுக்கான நெட் பாவாடை. பின்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குத் துணியே இல்லை. ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்டு, பிசின் மாதிரி கட்டிதட்டிப் போயிருந்தது. பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டுப் பிள்ளை சட்டென்று திரும்பியிருக்கிறாள். தாழ்வான மேசையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியில் பாவாடை ஓரம் பட்டுவிட்டது. அப்பா தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி அமுக்கியதால், தொடையில் உள்ளங்கை அளவு புண்ணோடு தப்பித்தாள்.

“அக்கா, இது நைலான்தானே? உருகத்தான் செய்யும், எரியாதுன்னு சொன்னாங்களே” என்று கேட்டார் அந்த அம்மா.

பாலே உடை தைப்பது என் தொழில், பத்தொன்பது வருடமாக. இதே கேள்வியோடு என்னிடம் வந்த மூன்றாவது பாவாடை இது. மூன்று போதும். அதனால்தான் எழுதுகிறேன்.

நைலான் உருகும், உண்மைதான். உருகிவிட்டு அப்படியே அணைந்துவிடும் என்று யார் சொன்னது? ஒரு துண்டு நைலான் நெட்டைத் தனியாகப் பிடித்துத் தீ காட்டினால் சில நேரம் சுருங்கி விலகிக்கொள்ளும், சொட்டு விழுந்து அணையவும் செய்யும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேச்சு பேசுகிறார்கள். ஆனால் டூட்டூ ஒற்றைத் துண்டு அல்ல. பத்துப் பன்னிரண்டு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காற்று. ஓர் அடுக்கு சுருங்கி விலகினால் மேல் அடுக்கு தீயை வாங்கிக்கொள்கிறது. அதோடு முழுப் பாவாடையும் நைலானாகவே இருப்பதில்லை. உள்ளே பருத்தி லைனிங், இடுப்பில் பருத்திப் பட்டை, சில சமயம் பருத்தி நூல். உருகிய நைலான் அந்தப் பருத்தியில் ஊறி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி எரியும். பருத்தி மட்டும் எரிவதைவிட, நைலான் மட்டும் எரிவதைவிட, இரண்டும் சேர்ந்தால் மோசம். உருகிய சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குழந்தையின் புண் ஆழமாக இருந்ததற்குக் காரணம் அந்தச் சொட்டுதான். “உருகத்தானே செய்யும்” என்று தயவுசெய்து இனி யாருக்கும் ஆறுதல் சொல்லாதீர்கள்.

இந்த உடை எப்படி உருவானது என்று தெரிந்தால் தீ ஏன் இதை இவ்வளவு விரும்புகிறது என்பதும் புரியும். 1653இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சூரியனாக வேடமிட்டு ஆடிய காலத்தில் பாலே உடை என்றால் ஜரிகை, கனத்த பட்டு, இறகு, விக். 1681இல் பாரிஸ் ஓபராவில் தொழில்முறை நடனப் பெண்கள் மேடையேறியபோதும் அதே பாரம்தான். அப்புறம் மரி கமார்கோ என்ற நடனக்காரி தன் கால்வேலை தெரிய வேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். 1734இல் மரி சாலே லண்டனில் வெறும் மஸ்லின் உடையில், விக் இல்லாமல் ஆடினார். அதற்குப் பிறகு இந்த உடையில் நடந்த மாற்றமெல்லாம் பாரத்தைக் குறைக்கும் மாற்றம்தான்.

1809 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் பருத்தி நெட்டை இயந்திரத்தில் பின்ன வழி செய்தார். 1822இல் பாரிஸ் ஓபரா மேடைக்குக் கேஸ் விளக்கு வந்தது. இரண்டும் 1832இல் ஒன்றாகச் சேர்ந்தன. ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மரி தாக்லியோனி வெள்ளை மணி வடிவப் பாவாடையில் கேஸ் வெளிச்சத்தில் மிதந்து வந்தார். ஊரே மயங்கியது. தையல்காரியாக நானும் அந்தப் பாவாடையை மயங்கித்தான் பார்க்கிறேன். ஆனால் மெல்லிய பருத்தி, அதில் கஞ்சி, அடுக்குகளுக்கு நடுவே காற்று, சுற்றிலும் திறந்த சுடர். அடுப்பு மூட்டத் தெரிந்த யாருக்கும் மீதியைச் சொல்லத் தேவையில்லை.

1844 டிசம்பர் 14 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை மேடை விளக்கில் பட்டது. கூட ஆடியவர்கள் நெருங்கவில்லை. அவர்கள் போட்டிருந்ததும் அதே பாவாடைதான். மூன்று நாளில் அவர் இறந்தார். 1861இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உடை மாற்றும் அறையில் ஒருவர் மேல் பற்றிய தீ, நடனக்காரிகளான கேல் சகோதரிகளையும் இன்னும் சிலரையும் கொண்டுபோனது. மேடைகூட இல்லை, உடை மாற்றும் அறை! எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என்னால் மறக்கவே முடியாதது எம்மா லிவ்ரி. தாக்லியோனியே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பெண். 1862 நவம்பர் 15, பாரிஸ் ஓபராவில் ஒத்திகை. பாவாடையைக் குலுக்கி விரித்துவிட்டார், கேஸ் சுடர் பிடித்துக்கொண்டது. எரிந்துகொண்டே மேடையில் ஓடினார். எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26 அன்று இறந்தார். இருபது வயது. கருகிய அந்த உடையின் மிச்சம் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கிறது.

“அந்தக் காலத்தில் பாதுகாப்பு முறை கிடையாது, பாவம்” என்று பலர் சொல்வார்கள். தவறு. 1821லேயே கே-லுசாக் என்ற வேதியியலாளர், அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் போன்ற உப்புகளில் நனைத்த துணி எளிதில் பற்றாது என்று காட்டிவிட்டார். லிவ்ரி எரிவதற்கு மூன்று வருடம் முன்பே, 1859இல், ஓபராவின் உடைகளை கார்த்தரோன் என்ற தீத்தடுப்பு முறையில் நனைக்க வேண்டும் என்று அரசாணையே வந்துவிட்டது. நனைத்தால் நெட் விறைத்து, வெண்மை மங்கும். அழகு போய்விடும் என்று லிவ்ரி மறுத்து எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழகாக இருக்க வேண்டியதுதான் அவருடைய வேலை. எழுதிக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு மேடையில் ஏற்றியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பிறகு பாவாடை இன்னும் குட்டையாகி, இடுப்பில் தட்டு மாதிரி நின்றது. 1950இல் உடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா, நடன அமைப்பாளர் பாலன்ஷினுக்காகக் கம்பி வளையம் இல்லாத பஞ்சு போன்ற டூட்டூவைத் தைத்தார். அந்த வெட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்று வேண்டாம். இங்கே முக்கியம் ஒன்றுதான். தட்டு டூட்டூவின் ஓரம் உடம்பிலிருந்து ஒரு முழத்துக்குக் கிட்ட தள்ளி நிற்கும். பின்னால் பற்றினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது, சூடு உறைக்கும்போது அடுக்கு முழுக்கப் பிடித்திருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்குத் தன் பாவாடை எங்கே முடிகிறது என்பதே தெரியாது.

கடையில் விற்கிறார்களே, சோதித்துத்தானே விற்பார்கள் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் குழந்தைகளின் இரவு உடைக்கு 1985ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. வேஷ உடை பொம்மைக் கணக்கில் வருகிறது. பொம்மைக்கான தீச்சோதனை அந்த அளவு கடுமையானது அல்ல. லேபிளில் ‘தீயிலிருந்து விலக்கி வைக்கவும்’ என்று இருந்தால் அது அலங்காரத்துக்குப் போட்ட வரி அல்ல, படியுங்கள்.

கேக் வெட்டும் முன் டூட்டூவைக் கழற்றுங்கள். போட்டோவுக்கு வேண்டும் என்றால் மெழுகுவத்தியை அணைத்த பிறகு மாட்டிக்கொள்ளட்டும். குத்துவிளக்கு ஏற்றும் விழாவில் நெட் பாவாடைப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். ஹீட்டர், கேஸ் அடுப்பு, பட்டாசு, எல்லாம் அதே கணக்கு. பாலே வகுப்பு நடத்துபவர்களே, மேடையில் நிஜச் சுடர் எதற்கு? பேட்டரி விளக்கு வாங்க முடியாத அரங்கம் இல்லை. டூட்டூவைப் போட்டுக்கொண்டே ஹேர் ஸ்ப்ரே அடிப்பதை நிறுத்துங்கள். எங்கள் உடை அறையில் டூட்டூவைத் துவைக்காமல், வியர்வை வாடை போகத் தண்ணீர் கலந்த வோட்கா தெளிப்போம். அது முழுக்க உலரும்வரை யாரும் கிட்டே புகைக்கக்கூடாது, இஸ்திரிப் பெட்டியும் வரக்கூடாது.

தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள். உருளச் சொல்வதுதான் வழக்கம், ஆனால் விறைத்த டூட்டூவோடு குழந்தையால் நன்றாக உருள முடியாது. படுக்கவைத்து, தடித்த கம்பளியாலோ கோட்டாலோ போர்த்தி அமுக்குங்கள். பிறகு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர், ஐஸ் வேண்டாம். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

தைக்கக் கொடுப்பவர்கள் தீத்தடுப்பு செய்த நெட் கேளுங்கள். பல கலவைகள் தண்ணீரில் கரையும் உப்புகள்தான், ஒரு முறை நனைத்து அலசினால் போய்விடும். அதனால் என்னிடம் தைக்கும் ஒவ்வொரு டூட்டூவின் இடுப்புப் பட்டையிலும் கடைசியாக மருந்து அடித்த தேதியை ஒரு சின்னத் துணியில் எழுதி உள்ளே தைத்துவிடுகிறேன். துவைத்துவிட்டால் அந்தத் துணியை வெட்டி எடுத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். மறுபடி அடித்துத் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை.