எலிபன்ட் இயர்: யானைக்காதா, சேம்பா, ஆனைச்சேம்பா?

எலிபன்ட் இயர் என்ற பெயரில் செடி தேடினால் நான்கு விதமான செடிகள் வந்து நிற்கும். நான்குக்கும் அதே பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். ஒன்று தண்ணீரில் நின்றே வளரும், இன்னொன்று வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும். ஒன்றின் கிழங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், இன்னொன்றை வாயில் வைக்கவே கூடாது. பெயரில் குழப்பம் இருந்தால் வளர்ப்பிலும் குழப்பம் வரும், அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பொருள். எலிபன்ட் இயர் என்பது தாவரவியல் பெயர் இல்லை, இலையின் அளவையும் வடிவத்தையும் பார்த்துத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர். கொலோகேசியா, அலோகேசியா, சாந்தோசோமா, கலேடியம் என்ற நான்கு பேரினங்களும் இதில் அடக்கம். எல்லாம் அரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதோடு நின்றாலும் பரவாயில்லை. பெர்ஜீனியாவுக்கும் சில பிலோடெண்ட்ரான்களுக்கும், காய் காது மாதிரி சுருண்டிருக்கிறது என்பதற்காக ஒரு பெரிய மரத்துக்கும்கூட ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. ஆக, இந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செடிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழில் இதை யானைக்காது என்று நேரே பெயர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் தேவையும் இல்லை, ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் முதன்மையான செடிக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: சேம்பு. சேப்பங்கிழங்கு தருகிற செடிதான் அது. வேம்பு என்ற சொல் வேப்பம்பூ, வேப்பங்கொட்டை என்று ஆவதைப் போலவே சேம்பு என்பது கிழங்கோடு சேரும்போது மெல்லின மகரம் வல்லின பகரமாகி, நடுவில் அம் சாரியை பெற்று, சேப்பங்கிழங்கு ஆகிறது. கடையில் கிழங்கின் பெயரை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்குச் செடியின் பெயர் சேம்பு என்பதே புதிதாக இருக்கும். மலையாளத்தில் இன்றும் அது சேம்புதான். தெலுங்கில் சாம அல்லது சேம, கன்னடத்தில் கெசு, கெசவு. கன்னடத்தில் ககரமாக இருப்பது தமிழில் சகரமாக வருவது இந்தச் சொல்லில் மட்டும் நடப்பதில்லை. நம்முடைய செவி அங்கே கிவி.

செவி என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. இலையை யானையின் காதோடு ஒப்பிடுவது ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. குறுந்தொகையின் 76ஆம் பாட்டில், மலைப்பக்கத்துச் சேம்பின் அசைகிற பெரிய இலை வாடைக்காற்றில் ஆடுவது "பெருங்களிற்றுச் செவியின் மான" என்று வருகிறது. பெரிய ஆண் யானையின் காதைப் போல என்று பொருள். அந்த ஒப்புமையில் வடிவம் மட்டும் இல்லை, அசைவும் இருக்கிறது. சேம்பின் இலை தண்டின் உச்சியில் நுனி கீழே பார்க்கத் தொங்கும், சின்னக் காற்றுக்கும் முன்னும் பின்னும் வீசும். ஆசிய யானையின் காதும் கீழே குறுகி, விசிறிக்கொண்டேதான் இருக்கும். எலிபன்ட் இயர் என்ற பெயருக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அகநானூற்றிலும் ஒரு காட்டுப்பன்றி "அகல் இலைச் சேம்பின்" கொழுத்த கிழங்கைத் தின்கிற காட்சி உண்டு. சங்க காலத்தில் இந்தச் சொல் எந்தச் செடியைக் குறித்ததோ அதையேதான் இன்றும் குறிக்கிறது.

மற்ற மொழிப் பெயர்கள் அப்படி இருந்த இடத்தில் இருக்கவில்லை, அவை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தாவியிருக்கின்றன. கொலோகேசியா என்பது பழைய கிரேக்கச் சொல். முதலில் அது குறித்தது சேம்பை அல்ல, எகிப்தில் வளர்ந்த தாமரையின் கிழங்கை. பிறகுதான் சேம்புக்கு வந்தது. அரபியில் சேம்பைக் குல்காஸ் என்பதும் இதே சொல்லோடு உறவுடையதுதான். தாமரைக்கும் சேம்புக்கும் எந்த உறவும் இல்லை என்றாலும் மயக்கம் வந்ததில் வியப்பில்லை, இரண்டும் ஈரத்தில் வளரும், இரண்டின் இலையிலும் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருளும், இரண்டிலும் தண்டு இலையின் ஓரத்தில் சேராமல் அடிப்பரப்பில் சேரும். 1753இல் லின்னேயஸ் சேம்பை ஏரம் என்ற பேரினத்தில் வைத்தார். கொலோகேசியாவைத் தனிப் பேரினமாக 1832இல் பிரித்தவர் ஷாட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். எஸ்குலெண்டா என்ற சிற்றினப் பெயருக்கு உண்ணத்தக்கது என்று பொருள்.

அலோகேசியா என்ற பெயர் கொலோகேசியாவிலிருந்தே செய்யப்பட்டது. முன்னால் எதிர்மறை அ சேர்த்து, அதுவல்லாதது என்ற பொருளில் வைத்த பெயர். சாந்தோசோமா கிரேக்கத்தில் மஞ்சள் உடல். சில வகைகளில் உள்சதை மஞ்சளாக இருக்கும். கலேடியம் கெலாடி என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் கெலாடி என்பது சேம்பு மாதிரிச் செடிகளை, ஆனால் கலேடியம் இயற்கையாக வளர்வது தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும். அதே மாதிரி அமேசானிகா என்று ஓர் அலோகேசியா பரவலாக விற்கிறது, அது அமேசான் காட்டுச் செடியே இல்லை. அலோகேசியாவின் தாயகம் ஆசியாவும் கிழக்கு ஆஸ்திரேலியாவும். பெயரைப் பார்த்து ஊரைத் தீர்மானித்தால் இந்தக் குடும்பத்தில் அநேகமாகத் தவறாகத்தான் போகும்.

சரி, கையில் இருக்கிற செடி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முற்றிய இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். தண்டு இலையின் பிளவு முடிகிற இடத்தில் சேராமல் அதற்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடிப்பரப்பில் ஒட்டியிருந்து, இலையின் நுனியும் தரையைப் பார்த்தால் அது சேம்பு, அதாவது கொலோகேசியா. நுனி வானத்தையோ பக்கவாட்டையோ பார்த்து, இலை விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் அலோகேசியா. தண்டு சரியாகப் பிளவின் ஓரத்திலேயே சேர்ந்து, இலை அம்புத்தலை வடிவில், விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு சுற்றி ஓடினால் சாந்தோசோமா. மெல்லிய இலையில் சிவப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கோலம் இருந்தால் கலேடியம். இளஞ்செடியை வைத்து முடிவு செய்யாதீர்கள், முற்றிய இலையில் ஓரத்தில் சேர்கிற தண்டு சில அலோகேசியாக்களில் சின்ன வயதில் உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

இந்த அடையாளம் தெரிந்துவிட்டால் வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது. சேம்புக்குத் தண்ணீர் எவ்வளவு கொடுத்தாலும் போதாது, குளத்தோரத்தில் சில அங்குலத் தண்ணீரில்கூட வைக்கலாம், நல்ல வெயிலும் தாங்கும். மண் காய்ந்தால் இலையோரம் கருகும். காலையில் இலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், இரவில் வேர் உறிஞ்சிய மிச்ச நீரை இலை தானே வெளியேற்றுகிறது. அலோகேசியா இதற்கு நேர் எதிர். ஈரக்காற்று வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, அரை நிழல் பிடிக்கும், மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். எலிபன்ட் இயருக்கு நிறையத் தண்ணீர் விடுங்கள் என்று யாரோ சேம்பை மனதில் வைத்துச் சொன்னதைக் கேட்டு அலோகேசியாவை அழுகவிட்டவர்கள் நிறையப் பேர். கலேடியத்துக்கு உச்சிவெயில் ஆகாது. சாந்தோசோமாவுக்கு ஈரமான, வளமான மண் போதும், தண்ணீரில் நிற்க வேண்டியதில்லை.

நடுவது எதை? பேச்சில் எல்லாம் கிழங்குதான். பாடநூல் தமிழில் சேம்பின் அடிப்பகுதிக்குக் கந்தம் என்று பெயர், அதாவது உணவைச் சேர்த்து உருண்ட தண்டு. தண்டு என்பதால் மொட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும், வளையங்கள் தெரிகிற கூரான பக்கம்தான் மேல்பக்கம். 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில், மண் சூடேறிய பிறகு வையுங்கள். குளிர்ந்த மண்ணில் முளைக்காமல் கிடந்து அழுகும். இந்தச் செடிகளுக்குப் பசி அதிகம், அவ்வளவு பெரிய இலையைச் செய்ய மட்கிய உரம் தாராளமாக வேண்டும். சாதாரணச் சேம்பு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வளரும். தாய்லாந்து ஜெயன்ட் என்று விற்பது கொலோகேசியா ஜைகாண்டியா, இப்போது லூக்கோகேசியா என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள், அதன் ஓர் இலையே ஒரு மீட்டரைத் தாண்டும். இடம் பார்த்து வைக்க வேண்டும். காற்று அடிக்கிற மூலையில் வைத்தால் அழகான இலையெல்லாம் கிழிந்து தொங்கும்.

இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகிற இடத்தில் செடி உறங்கத் தொடங்கும், உறைபனி பட்டால் இலைகள் ஒரே இரவில் சுருண்டுவிடும். அப்போது கந்தத்தைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, காயவைத்து, உலர்ந்த தேங்காய் நார்க்கழிவில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு உயிரோடு இருக்கும். குளிரே இல்லாத ஈரமான இடத்தில் கவலை வேறு. சில சேம்பு வகைகள் ஓடுதண்டு விட்டுப் பரவும். அமெரிக்காவின் புளோரிடாவில் நீர்நிலைகளை ஆக்கிரமித்த செடிகளில் இதுவும் ஒன்று. ஓடைக்கோ ஏரிக்கோ பக்கத்தில் நடுவதாக இருந்தால் தொட்டியில் வைப்பதுதான் பொறுப்பான செயல்.

அப்புறம் காறல். இந்தக் குடும்பச் செடிகளின் இலையிலும் தண்டிலும் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருக்கின்றன, அவை கையில் அரிப்பாகவும் நாக்கிலும் தொண்டையிலும் காறலாகவும் தெரியும். இதற்காகவே தமிழில் காறுகிற கருணை, காறாக்கருணை என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்தார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கும் வீட்டு நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அழகுக்காக வாங்கிய எதன் கிழங்கையும், சேம்பு மாதிரி இருக்கிறது என்று சமைக்காதீர்கள்.

இனி எப்படித்தான் அழைப்பது? கொலோகேசியாவுக்குச் சேம்பு, இதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றவற்றுக்கு நம் பெயரிடும் முறையிலேயே ஒரு வழி இருக்கிறது. உருவத்தில் பெரியதற்கு ஆனை என்று முன்னால் சேர்ப்பது தமிழ் வழக்கம்: ஆனைநெருஞ்சி, ஆனைக்கற்றாழை, ஆனைப்புளி. ஆனைத்திப்பிலி இதே அரேசியே குடும்பத்துச் செடிதான். அந்த வரிசையில் ஆளுயரம் வளர்கிற அலோகேசியாவையும் லூக்கோகேசியாவையும் ஆனைச்சேம்பு என்பது என் விருப்பம். யானையும் வந்துவிடுகிறது, உறவு என்ன என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. கலேடியத்துக்கு வண்ணச்சேம்பு பொருந்தும், சாந்தோசோமாவுக்கு அம்புச்சேம்பு என்று சொல்லிப் பார்க்கலாம். யானைக்காது என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பேச்சில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் யானைக்கால் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஆங்கிலத்தில் யானைப்பாதம் என்று பெயர் பெற்றது சேனைக்கிழங்கு, அது வேறு பேரினம், ஒரே இலைதான் குடை போல விரிந்து பல துண்டாகப் பிரிந்திருக்கும்.

யாருக்காவது கன்று கொடுத்தால் தொட்டியில் தமிழ்ப் பெயரோடு பேரினப் பெயரையும் எழுதிக் கொடுங்கள், சேம்பு – கொலோகேசியா, ஆனைச்சேம்பு – அலோகேசியா என்று. எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பது வாங்குகிறவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.