கத்தி பிறந்த மலை

"மாயா நகரத்தில் கிடைத்த அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) கத்தி எந்த எரிமலையில் பிறந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டிகால் என்ற பழைய மாயா நகரம் இருந்த வட குவாத்தமாலா சுண்ணாம்புப் பாறை பூமி. எரிமலையே கிடையாது. அங்கே தோண்டியெடுக்கும் ஒவ்வொரு எரிமலைக் கண்ணாடித் துண்டும் வெளியூர்ச் சரக்குதான். பெரும்பாலும் தெற்கு மலைநாட்டின் எல் சாயால், இஷ்டெபெக்கே, சான் மார்ட்டின் ஹிலோடெபெக்கே ஆகிய மூன்று எரிமலைப் பகுதிகளில் ஒன்றிலிருந்து வந்திருக்கும். விரல் நக அகலக் கத்தி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் ஒளி ஊடுருவுவது தெரியும். ஆனால் ஊரைக் கண்டுபிடிக்கக் கண்ணை மட்டும் நம்ப முடியாது.

அதற்குத்தான் எக்ஸ் கதிர். கதிர் பட்டதும் அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான் வெளியேறும். வெளிக்கூட்டிலிருந்து ஒன்று அந்த இடத்துக்கு இறங்கும். அப்போது வெளிப்படும் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். ரூபிடியத்துக்கு 13.4, ஸ்ட்ரான்ஷியத்துக்கு 14.2, சிர்கோனியத்துக்கு 15.8 கிலோ எலக்ட்ரான்வோல்ட். எந்த ஆற்றல் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கத்தியை உடைக்க வேண்டியதில்லை, சில நிமிடங்கள் போதும்.

சரி, ஒரே மாதிரிக் கண்ணாடியில் இந்த அளவுகள் ஏன் மலைக்கு மலை மாறுகின்றன? எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இதுதான். எரிமலைக்கு அடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்கள் முளைக்கின்றன. கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில், ஏறக்குறைய அதே பருமனுள்ள ஸ்ட்ரான்ஷியம் உட்கார்ந்துவிடும். ரூபிடியம் பெரியது, அந்த இடத்தில் பொருந்தாமல் பெரும்பாலும் குழம்பிலேயே தங்கிவிடும். படிகம் வளர வளர, மிச்சக் குழம்பில் ஸ்ட்ரான்ஷியம் குறையும், ரூபிடியம் ஏறும். எவ்வளவு படிகம் பிரிந்தது, தொடக்கத்தில் எந்தப் பாறை உருகியது என்பது ஒவ்வோர் எரிமலைக்கும் தனிக்கதை. அப்புறம் குழம்பு வெளியே வந்து, படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாக உறைகிறது. அந்தக் கணத்தின் கணக்கு அப்படியே உள்ளே நின்றுவிடுகிறது. எல் சாயாலில் ரூபிடியம் கூடுதல், இஷ்டெபெக்கேயில் சிர்கோனியம் கூடுதல்.

ஆனால் மலை மலையாக ஏறி மாதிரிக் கல் சேர்த்தவர்கள் இல்லாவிட்டால் இந்த எண்களுக்குப் பொருளே இல்லை. கருவி வாங்கப் பணம் கிடைக்கிற அளவுக்கு இந்த நடைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

டிகாலில் பச்சை நிறக் கத்திகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிர்கோனியம் குவாத்தமாலா கற்களைவிடப் பல மடங்கு அதிகம், ஸ்ட்ரான்ஷியம் இல்லையென்றே சொல்லலாம். அது மெக்சிகோவின் பச்சூகா; ஏறத்தாழ 1000 கி.மீ. தொலைவு. எல் சாயாலோ 300 கி.மீ.தான். வெட்டுவதற்கு மட்டும் என்றால் பக்கத்துக் கல்லே போதுமே! கி.பி. 378இல் சியாக் காக் என்பவர் மேற்கிலிருந்து வந்து சேர்ந்ததை டிகால் கல்வெட்டு சொல்கிறது. பச்சூகா கல்லைப் பெருமளவில் கையாண்ட தியோதிவாகான் நகரமும் அந்த மேற்கில்தான் இருந்தது.