ஜாக்கெட்டில் ஏன் டக் பிடிக்கிறார்கள்?

நெல்லைச் சீமையில் தைத்த ரவிக்கைக்கு வயது அதிகமில்லை. காதில் பாம்படம் ஆட, ரவிக்கையில்லாமல் சேலையை மட்டும் உடுத்தி வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்த பாட்டிமாரைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சேலைக்கு அளவு வேண்டாம், கத்தரி வேண்டாம். வீரவநல்லூர்த் தறியிலிருந்து இறங்கும் செடிபுட்டாச் சேலையைப் பேத்தியும் உடுத்தலாம், பாட்டியும் உடுத்தலாம். உடம்பு வித்தியாசத்தைக் கொசுவம் பார்த்துக்கொள்ளும். ரவிக்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. வளைந்த உடம்பைத் தட்டையான துணியால் சுருக்கமில்லாமல் மூடியாக வேண்டும். அதற்காகத் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பதுதான் டக்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், அன்றைய தென் திருவிதாங்கூரில், மேலாடை என்பதே போராட்டமாக இருந்தது. கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் 'குப்பாயம்' என்ற தளர்வான சட்டை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்றது 1829ஆம் ஆண்டு அரசாணை. சீலை போட்ட பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. நாடார் பெண்கள் எல்லோரும் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்ற உத்தரவு 1859 ஜூலை 26இல்தான் வந்தது. அப்போதும் உயர்சாதியாரின் பாணி கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் நெல்லைச் சீமையின் இடையன்குடியில், பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நூல் வேலை பெண்களுக்குக் கூலி தரும் தொழிலாயிற்று. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் மெஷினும், 1930களில் கல்கத்தாவில் தொடங்கிய உஷா மெஷினும் பிறகு வந்தவை.

தளர்வான சட்டைக்கு வளைவுக் கணக்கு தேவையில்லை. உடம்போடு ஒட்டி நிற்கும் ஜாக்கெட்டுக்குத்தான் அது தேவை. ஒரு தட்டைப் பரப்பை இழுக்காமல், கிழிக்காமல், மடிக்காமல் உருண்டைப் பரப்பாக்க முடியாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் நிறுவினார். பதநீர் குடிக்கும் பனையோலைப் பட்டையைக் கவனித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். விரித்த பனையோலையில் எதுவும் தங்காது. அதன் நுனியைச் சேர்த்துக் கட்டியதும் விளிம்பு சுருங்கி, நடுப்பகுதி குழிந்து பாத்திரமாகிவிடுகிறது.

டக் செய்வதும் இதே வேலைதான். மார்புச் சுற்று 36 அங்குலம், அதற்குக் கீழே 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் 6 அங்குலத் துணியை எங்கே கொண்டுபோவது? பக்கத் தையலில் கொஞ்சம் போகும். மீதியை ஆப்பு வடிவில் மடித்துத் தைத்து மறைக்கிறார்கள். 4 அங்குல நீள டக்கின் வாய் ஒன்றரை அங்குலம் என்றால், அந்த இடத்தில் ஏறக்குறைய 21 டிகிரி துணியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்று பொருள். துணி உடனே கூம்பாக எழும்பும். ஒரே பெரிய டக்காகப் பிடித்தால் கூம்பு கூர்மையாக நிற்கும். அதனால்தான் அதையே மூன்று நான்கு சிறிய டக்குகளாகப் பிரித்து, எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிப் போகும்படி வைத்து, புள்ளியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே தையலை நிறுத்துகிறார்கள். கூர்மை மழுங்கி வளைவாகிறது. சாக்கட்டியால் இதை நொடியில் குறித்துவிடும் தையல்காரப் பெண்ணின் கைக்கணக்கை நாம் கணிதம் என்று மதிப்பதில்லை. மதிக்க வேண்டும்.

இன்னொரு வழி, துணியையே கொஞ்சம் வளையச் சொல்வது. ஒரு கைக்குட்டையைப் பாவு நூல், அதாவது நீளவாட்டு நூல், போகும் திசையில் இழுத்துப் பாருங்கள், அசையாது. குறுக்கே ஓடும் ஊடை நூல் திசையிலும் அதிகம் கொடுக்காது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் தாராளமாக நீளும். நூல் எதுவும் நீளவில்லை. நூல்களுக்கு இடையே இருந்த சின்னஞ்சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகிவிட்டன, அவ்வளவுதான். முன்பக்கத்துணியை இப்படி 45 டிகிரி சாய்த்து வெட்டுவதைத்தான் நம் கடைகளில் கிராஸ் கட்டிங் என்கிறார்கள். பாரிசில் மதலேன் வியோனே என்ற பெண் வடிவமைப்பாளர் 1920களில் முழு அங்கிகளையே இந்த முறையில் வெட்டிப் புகழ்பெற்றார். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேல் நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் துணியின் நடுவில் கோத்துக்கொள்ளும் மெஷின் தையல், கிராஸ் துணி நீளும் அளவுக்கு நீளாது. நெருக்கமான தையலாகப் போடாவிட்டால் நூல் அறுந்துவிடும்.

கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் கூடவே ஏறுகிறது என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். இறுக்கம்தான் காரணம் என்று நினைத்து அக்குள் வளைவை இன்னும் இறக்கி வெட்டச் சொல்கிறார்கள். பலன் நேரெதிர். கை, தோள் மூட்டில் திரும்புகிறது. வளைவின் அடிப்பகுதி மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, கை உயரும்போது அவ்வளவு தூரம் அது மேலே வர வேண்டும். பக்கத் தையலையும் இழுத்துக்கொண்டுதான் வரும். வளைவு அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் அசையும், உடல் பகுதி தன் இடத்திலேயே இருக்கும்.

லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுவதும் வெறும் வழக்கமல்ல. பருத்தி இழை தண்ணீரில் பருக்கிறது. பருத்த ஊடை நூலைச் சுற்றிவரப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுவதால் துணி குறுகிவிடுகிறது. தைத்த பிறகு இது நடந்தால் மேல்துணி மட்டும் தொளதொளவென்று நிற்கும்.

நெல்லை டவுன் ரத வீதியில் ஜவுளி எடுத்துவிட்டுத் தைக்கக் கொடுக்கப் போகும்போது, பழகிப்போன பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுக்காதீர்கள். கிராஸ் கட்டிங்கில் வெட்டியது துவைக்கத் துவைக்கச் சாய்வாக நீண்டிருக்கும். அதன் தொய்வும் சேர்ந்தே புதியதற்கு வந்துவிடும். நன்றாகப் பொருந்துவதில் அதிகம் துவைக்காத ஒன்றைக் கொடுங்கள்.