ஆண் நாய்க்குச் செல்லப் பெயர் வைக்கும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தடுப்பூசி அட்டையில் எழுத நாயின் பெயரைக் கேட்டால் பலர் "பாய்" (ஆங்கிலத்தில் 'பையன்') என்கிறார்கள். ஒரே வீட்டிலிருந்து 'பாய்', 'பெரிய பாய்' என்று இரண்டும் வரும்.

செல்லப் பெயரில் தப்பே இல்லை. ராஜா, டைகர், எதுவானாலும் சரி. ஆனால் அது அந்த நாய்க்கு மட்டுமே உரிய பெயராக இருக்க வேண்டும். தெருவில் நாலு வீட்டில் 'பாய்' இருந்தால், கேட் திறந்ததும் ஓடுகிற உங்கள் நாயை எப்படித் திருப்பிக் கூப்பிடுவீர்கள்?

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தலை நரைத்த கறுப்பினத் தொழிலாளியையும் 'கார்டன் பாய்' என்றுதான் அழைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "பாய்!" என்று கத்தும்போது, அந்தப் பக்கம் நடந்து போகிறவர் காதில் அது எப்படி விழும்? இதற்காகவே அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

'தம்பி'யும் வேண்டாம், வீட்டுப் பிள்ளையும் திரும்பிப் பார்ப்பான். 'நோவா' போன்ற பெயரும் 'நோ' என்று பழக்கும்போது குழப்பும்.

ஒரு நாய்க்கு ஆளுக்கொரு பெயர் வைப்பதும் நடக்கிறது. எங்கள் கிளினிக் பெஞ்சுக்கு அடியில் பதுங்கிய நாயைப் பேரன் "மேக்ஸ், மேக்ஸ்" என்று கெஞ்சினான். அது அசையவில்லை. பாட்டி ஒரே ஒரு தடவை "டேய் குண்டா" என்றார். வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது. சோறு போடுகிறவர் கூப்பிடும் பெயர்தானே அதற்குத் தெரியும்! அட்டையில் 'மேக்ஸ்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'குண்டா' என்று எழுதினேன்.

எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த உடனே ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். அந்தப் பெயரைச் சொல்லித் திட்டவே கூடாது. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாய், திட்டு விழும் என்று நினைத்தால் கிட்டவே வராது.

அப்புறம் அந்த அட்டை. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. 3 மாத வயதில் முதல் ஊசி, அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை. சட்டப்படி கட்டாயம். நாய் யாரையாவது கடித்துவிட்டால் அட்டையைத்தான் கேட்பார்கள். இரண்டு அட்டையிலும் 'பாய்' என்றிருந்தால் ஊசி போட்டது எந்த நாய்க்கு என்று எப்படிச் சொல்வது? கூப்பிடும் பெயரோடு நிறம், அடையாளம், மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண், எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.